சுண்ணமும் சலவைக்கல்லும்

1508-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி, வாடிகன் அரண்மனையைச் சேர்ந்த சிஸ்டைன் ஆலயத்தின் விதானத்தில் சித்திரம் தீட்டும் வேலைக்காகப் போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸ் அளித்த 500 டுகாட் பொன்னை முன்பணமாகப் பெற்றுக்கொண்ட 33 வயதுக் கலைஞர் ஒருவர், வாங்கியது சித்திரத்துக்கான கூலிதான் என்றாலும், அந்த வரவைத் தம் குறிப்பில் பதியும்போது தம்மைச் 'சிற்பி மைக்கேலாஞ்சலோ' என்றே எழுதிக்கொண்டார். அதில் கொஞ்சம் வீம்பு இருந்தது. அந்த வீம்புக்குக் காரணமும் இருந்தது. போப்பாண்டவருக்குப் பிரம்மாண்டமான ஒரு கல்லறை அமைப்பதற்காகத்தான் அவர் முதலில் ரோமாபுரிக்கு அழைக்கப்பட்டார்; அதற்கென்று கராரா மலையில் எட்டு மாத காலம் தங்கிக் கல் தேர்ந்தெடுத்து, படகில் ஏற்றி டைபர் நதி வழியே கொண்டுவந்து, புனித பேதுரு ஆலயத்தின் முன்வெளியில் குவித்தும் வைத்தார்; அப்புறம் போப்பாண்டவரின் மனம் புதிய ஆலயத் திருப்பணியின் பக்கம் திரும்பிவிட, கற்களுக்கான பணமும் வராமல், சந்நிதானத்தில் தரிசனமும் கிடைக்காமல், மனம் கசந்து 1506 ஏப்ரலில் பிளாரென்ஸ் நகருக்கு ஓடிப்போனார். இரண்டு வருஷங்கள் கழித்து அதே போப்பாண்டவர் கல்லை மறந்து, சுவரைக் காட்டி, 'இதில் சித்திரம் எழுது' என்று சொன்னால் எந்தச் சிற்பிக்குத்தான் ரோஷம் வராது?

சிற்பம் தம் தொழில், சித்திரம் தம் தொழிலல்ல என்ற இந்தப் பேதத்தை மைக்கேலாஞ்சலோ வாழ்நாள் முழுவதும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த மனோபாவத்தைக் குறித்துக் கலை விமரிசகர்கள் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் ரசாயன சாஸ்திரம் படித்தவன் ஒருவன் அவர் விரும்பிச் செதுக்கிய கல்லையும், வேண்டாவெறுப்பாகச் சாரத்தில் ஏறிநின்று எழுதிய விதானத்தையும் பரிசோதித்துப் பார்த்தால், இரண்டும் அடிப்படையில் ஒரே பொருள் என்றுதான் சொல்லுவான். கால்சியம் கார்பனேட் என்று நூல்களில் வழங்கும் அந்தச் சுண்ணாம்புப் பொருள், மலையின் வயிற்றில் படிகமாக இறுகியபோது சலவைக்கல் ஆயிற்று. காளவாயில் வெந்து, நீரில் நீறி, சுவரில் பூசப்பட்டுக் காற்றில் மறுபடியும் கல்லானபோது சித்திரத்தின் உடலாயிற்று. அவருடைய வாழ்க்கையை இந்த ஒரு பொருளின் வழியாகப் பார்ப்பது வழக்கமான வழியல்ல. என்றாலும் அவர் பட்ட பாடுகளில் பலவும், செய்த யுக்திகளில் பலவும் அந்தப் பொருளின் சுபாவத்திலிருந்து பிறந்தவை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

அவர் பிறந்தது 1475-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் தேதி, காப்ரேஸே என்ற சிற்றூரில். தகப்பனார் அங்கே பிளாரென்ஸ் அரசின் சார்பில் சில மாதகாலம் அதிகாரியாக இருந்தார். கைக்குழந்தையை அவர்கள் செட்டிஞ்ஞானோ என்ற கல்தச்சர் கிராமத்தில் ஒரு கல்தச்சன் மனைவியிடம் பாலூட்ட விட்டார்கள். உளியும் சுத்தியும் அந்தப் பாலோடு சேர்ந்தே தம் உடம்பில் ஊறிவிட்டன என்று பிற்காலத்தில் அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டாம். தாயார் அவருக்கு ஆறு வயதாயிருக்கும்போதே காலமானார். 1488-இல் கிர்லாண்டயோ என்ற பெயர்பெற்ற சித்திரக்காரரிடம் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் சிஷ்யனாகச் சேர்க்கப்பட்டார். சுண்ணச் சாந்தில் சித்திரம் எழுதும் முறையில் அக்காலத்துப் பிளாரென்ஸில் கைதேர்ந்தவர் கிர்லாண்டயோ. ஆனால் பையன் அங்கே ஒப்பந்த காலம் முடியுமட்டும் இருக்கவில்லை. மெடிச்சி குடும்பத்தின் தலைவரான லொரென்ஸோவின் தோட்டத்தில், தொனதெல்லோவின் சிஷ்யரான முதியவர் பெர்ட்டோல்டோவின் மேற்பார்வையில் பழைய சிலைகள் நடுவே உளி பிடிக்கப் போய்விட்டார். லொரென்ஸோ 1492-இல் இறந்தபின், சாந்தோ ஸ்பிரித்தோ மடத்தின் தலைவர் அனுமதித்ததால், அங்கிருந்த மருத்துவசாலையில் பிணங்களை அறுத்துத் தசை நரம்புகளைக் கண்டறிந்தார். உயிருள்ள மனிதனின் தோலுக்கடியில் எந்தத் தசை எங்கே புடைக்கும் என்று அவர் அறிந்திருந்ததெல்லாம் இந்தக் கடினமான பாடத்தின் பலன்.

கல்லுக்கு வருவோம். இத்தாலியின் வடமேற்கில், கடலுக்கு அருகே எழுந்து நிற்கும் ஆப்புவான் மலைத்தொடரின் வெண்மையைத் தொலைவிலிருந்து காண்பவர்கள் பனி என்று நினைத்துவிடுவதுண்டு. அதில் பெரும்பகுதி சலவைக்கல்லே. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலடியில் நுண்ணுயிர்களின் ஓடுகளும் சுண்ணச் சேறுமாகப் படிந்த பாறை, பிற்பாடு மலைகள் எழும்பிய காலத்தில் பூமிக்குள் புதைந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தன் பழைய உருவத்தை இழந்து, கால்சைட் என்ற படிகங்களாக மறுபடி வளர்ந்தது. கிளிஞ்சலின் அடையாளங்கூட இன்று அதில் மிச்சமில்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு சிறிய, ஏறக்குறைய ஒரே பருமனுள்ள அந்தப் படிகங்கள், எந்தத் திசையிலும் விசேஷமான பிளவுக்கோடு இல்லாமல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சிற்பிக்கு அது பெரிய வரப்பிரசாதம், எந்தப் பக்கம் உளி செலுத்தினாலும் கல் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் என்பாரின் அளவுகோலில் கால்சைட்டின் இடம் மூன்று. இரும்பு நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நிற்பது. ஆகவே சாதாரண இரும்புக் கருவிக்கும் இந்தக் கல் இணங்கும். கருங்கல்லில் கலந்திருக்கும் குவார்ட்ஸோ ஏழு. அதில் வேலை செய்கிறவனின் உளி அடிக்கடி உலைக்குப் போய்வர வேண்டியிருக்கும்.

இணங்கும் என்றேனே தவிர, மன்னிக்கும் என்று சொல்லவில்லை. உளியைச் செங்குத்தாகப் பிடித்து ஓங்கி அடித்தால் அடியின் அதிர்ச்சி மேற்பரப்போடு நில்லாமல் உள்ளே இறங்கி, அங்குள்ள படிகங்களை நொறுக்கிவிடும்; அப்போது வெளியே ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் வேலை செய்து கடைசியில் மெருகிடும்போதுதான், அடிபட்ட இடம் வெள்ளைத் தழும்பாகக் கிளம்பும். அதைப் போக்க வழியில்லை. எனவே முதல் வேலையில் கூர்முனை உளியைச் சாய்த்துப் பிடித்துக் கல்லைச் சிதறடிப்பதும், உருவத்தை நெருங்கியதும் அதை விட்டுப் பல்லுளிக்கு மாறுவதும் தொழில் தெரிந்தவர்கள் பழக்கம். பல்லுளி என்பது நுனியில் பல பற்கள் உள்ள தட்டை உளி. அது போகிற வழியெல்லாம் இணைகோடுகளாகத் தடம் விடும். மைக்கேலாஞ்சலோவின் முடிவுபெறாத சிலைகளைக் கண்டவர்கள் இந்தத் தடங்களை மறக்கமாட்டார்கள். சித்திரக்காரன் காகிதத்தில் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டு நிழல் காட்டுவது எப்படியோ, அப்படியே அவர் பல்லுளியைத் தசையின் வளைவோடு ஓட்டி, முன்கோட்டுக்குக் குறுக்காக மறுபடி ஓட்டி, உருவத்தைக் கல்லிலேயே 'எழுதி'யிருக்கிறார். கிர்லாண்டயோவிடம் கற்ற கோட்டு வித்தை கல்லுக்குள் வந்துவிட்டது என்று இதைக் குறித்து நிபுணர்கள் சொல்வது நியாயமாகவே படுகிறது. தம்மைச் சித்திரக்காரனல்ல என்று சாதித்தவருக்கு இது பிடித்திருக்குமோ என்பது வேறு விஷயம்.

மெருகிலும் இந்தக் கல்லுக்கு ஒரு குணம் உண்டு. கால்சைட் படிகம் ஒளியைத் தடுத்து நிறுத்துவதில்லை. நுரைக்கல்லாலும் நேர்த்தியான பொடிகளாலும் மெருகிட்ட சலவைக்கல்லில் வெளிச்சம் விழுந்தால், ஒரு பகுதி மேலேயே பிரதிபலிக்க, மற்றொரு பகுதி உள்ளே சற்றுத் தூரம் சென்று, படிகத்துக்குப் படிகம் சிதறி, பக்கத்தில் வேறொரு புள்ளியில் வெளிவரும். மனிதத் தோலிலும் ஒளி இவ்விதமே நடந்துகொள்கிறது. 1498-இல் பிரெஞ்சுக் கார்டினல் ஒருவருக்காக 450 டுகாட்டுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு அவர் உருவாக்கிய 'பியத்தா'வில், மாதாவின் மடியில் கிடக்கும் கிறிஸ்துவின் உடல் கல்லென்று தோன்றாமைக்கு இந்தப் பௌதிக உண்மையும் ஒரு காரணம். உயர்ந்த மெருகை அவர் அந்த அளவுக்கு வேறெந்தச் சிலைக்கும் கொடுக்கவில்லை. தம் பெயரைப் பொறித்ததும் அந்த ஒரே சிலையில்தான்.

தாவீது சிலையின் கதை மிகவும் பிரசித்தமானது. ஆனாலும் கல்லின் கதையாக அதைச் சொல்பவர்கள் குறைவு. 1460-களில் கராராவில் வெட்டிக் கொண்டுவரப்பட்ட நீண்ட பாளம் ஒன்று, அகொஸ்தினோ என்ற சிற்பியிடமும், பின்னர் ரொஸ்ஸெல்லினோ என்பவரிடமும் போய், இருவராலும் கைவிடப்பட்டு, பிளாரென்ஸ் தலைமை ஆலயத்தின் வேலைக்களத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. உயரம் உண்டே தவிர, முன்னிருந்து பின்னோக்கிய கனம் போதாது. போதாததற்கு முன்னால் கைவைத்தவர் சில இடங்களில் கல்லைத் தோண்டியும் விட்டிருந்தார். 1501 ஆகஸ்டில் 26 வயது மைக்கேலாஞ்சலோ இந்தப் பாளத்தை ஏற்றுக்கொண்டு, அதைச் சுற்றி மறைப்புக் கட்டிக்கொண்டு, 1504 தொடக்கத்துக்குள் 5 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள உருவமாக்கினார். தாவீதை முன்னின்று கண்டு வியப்பவர்கள் பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் அந்த உடல் எவ்வளவு ஒல்லி என்பது விளங்கும். அந்த ஒல்லி கற்பனையில் பிறந்ததல்ல, பாளம் அனுமதித்தது அவ்வளவே. முந்தியவரின் உளித்தடம் சில ஓரங்களில் மிஞ்சிவிட்டது என்று, மைக்கேலாஞ்சலோவின் வரலாற்றை எழுதிய அக்காலத்தவரான வசாரி எழுதுகிறார். சிலையை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்க லியனார்டோ டா வின்சியும் போத்திசெல்லியும் உள்ளிட்ட கலைஞர்கள் கூடி வாதித்தார்கள். கடைசியில் 40 பேர் இழுக்க, நான்கு நாட்கள் நகர்ந்து, பிளாரென்ஸ் நகர அரண்மனை வாயிலில் வந்து நின்றது.

ஐந்தரை டன்னுக்குக் குறையாத அந்தப் பாரம் முழுவதும் இரண்டு கணுக்கால்கள் மேலும், வலதுகாலின் பின்னே அவர் சமயோசிதமாக விட்டுவைத்த மரக்கட்டை உருவத்தின் மேலும் இறங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கணுக்கால்களில் மயிரிழை போன்ற விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 1873-இல் சிலை கட்டடத்துக்குள் கொண்டுசெல்லப்பட்டது. விரிசல் எதனால் என்று அறிய, 2014-இல் இத்தாலிய விஞ்ஞானிகள் சிலர், சிலையின் சிறிய பிரதிகளைச் சுண்ணச்சாந்து போன்றதொரு பொருளில் வார்த்து, சுழலும் யந்திரத்தில் வைத்துச் சுற்றி, எடையைப் பல மடங்கு பெருக்கிப் பார்த்தார்கள். சிலை நிமிர்ந்து நிற்கும்வரை பயமில்லை; முன்பக்கம் சற்றே சாய்ந்தாலும் பளு கணுக்காலில் குவிந்து, நிஜச் சிலையில் உள்ளதைப் போன்ற விரிசலே விழுகிறது என்று தெரியவந்தது. பழைய இடத்தில் நின்றபோது அடித்தளம் சமமின்றித் தாழ்ந்து, நெடுநாள் அப்படிச் சாய்ந்திருந்ததன் வடு அது.

கல்லுக்குள் உருவத்தை அவர் தேடிய முறையைப் பற்றி வசாரியும் அக்காலத்துச் சிற்பி செல்லினியும் ஏறக்குறைய ஒத்துப்பேசுகிறார்கள். எல்லாப் பக்கமும் சுற்றிச் சுற்றிச் செதுக்கிக்கொண்டு போவது பலருடைய வழக்கம். மைக்கேலாஞ்சலோ அப்படிச் செய்யாமல், பாளத்தின் முன்முகத்தில் உருவத்தை வரைந்துகொண்டு, அந்த ஒரு முகத்திலிருந்தே புடைப்புச் சிற்பம் போல உள்ளே உள்ளே நடந்தார். தொட்டி நீரில் கிடத்திய மெழுகு உருவத்தை மெல்ல மேலே தூக்கினால், மிகவும் உயர்ந்த பாகங்கள் முதலில் தலைகாட்டி, பின்பு மற்றவை வருவது போல, என்று வசாரி இதற்கு ஒரு படம் காட்டுகிறார். இந்த முறையின் லாபம் எளிதில் புரிவது: பின்பக்கம் கடைசிவரை கல்லாகவே இருக்கிறபடியால், நினைத்த இடத்தில் கை வரவில்லையென்றால், இன்னும் உள்ளே தள்ளி அந்தக் கையைத் தேடிக்கொள்ளலாம். நீக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாத கலையில் அதுதான் ஒரே காப்பு. பிளாரென்ஸ் அக்காதெமியா காட்சிசாலையில் பாதி உடல் கல்லிலும் பாதி வெளியிலுமாக நிற்கும் நான்கு 'அடிமைகள்', போப்பாண்டவரின் கல்லறைக்கென்று தொடங்கப்பட்டு நின்றுபோனவை. சிறைப்பட்ட ஆத்மா விடுதலைக்குத் துடிப்பதாக அவற்றைப் பற்றிக் கவிகள் பேசட்டும், தொழில் கற்க விரும்புகிறவனுக்கு அவை திறந்து வைத்த பாடப்புத்தகம்.

1547-இல் பெனெடெட்டோ வார்க்கி என்ற பண்டிதர், சிற்பம் உயர்ந்ததா சித்திரம் உயர்ந்ததா என்று பல கலைஞர்களுக்கும் கடிதம் எழுதிக் கேட்டபோது, மைக்கேலாஞ்சலோ சுருக்கமாகப் பதில் எழுதினார்: நீக்கி நீக்கிச் செய்வதையே தாம் சிற்பம் என்று கருதுவதாகவும், சேர்த்துச் சேர்த்துச் செய்வது சித்திரத்தைப் போன்றது என்றும். களிமண்ணில் உருவம் பிடிப்பதும் இந்த அளவின்படி சித்திரத்தின் பக்கமே போய்ச் சேரும். மிகவும் அழகான பாகுபாடு. ஆனால் சேர்த்தல் நீக்கல் என்ற அந்த இரண்டு சொற்களும், அவருக்குத் தெரியாமலே, விதானத்துச் சாந்துக்குள் நடந்த ரசாயன மாற்றத்தையும் வர்ணித்துவிடுகின்றன.

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் இட்டு ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் சுட்டால், அதிலிருந்து கரியமிலவாயு பிரிந்து போய்விடுகிறது. 100 பங்கு சுத்தமான கல்லுக்கு 44 பங்கு எடை இவ்வாறு காற்றோடு நீங்க, 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதன்மேல் நீர் விட்டால் சீறிக் கொதித்து நீறிப்போகும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், நீர் வற்ற வற்ற, காற்றிலுள்ள கரியமிலவாயுவை அது சிறிது சிறிதாக உள்ளிழுத்து, இழந்த 44 பங்கையும் மீட்டுக்கொண்டு, மறுபடியும் கால்சைட்டாகக் கல்லாகிறது. வெற்றிலைப் பெட்டியில் மூடாமல் விட்ட சுண்ணாம்பின் மேல் ஏடு படிந்து, விரலுக்கு வழங்காமல் கெட்டியாகிவிடுவதைக் கண்டவர்கள் இந்த ரசாயனத்தை நேரிலேயே கண்டவர்கள். சாந்து ஈரமாயிருக்கும்போதே, பசையோ எண்ணெயோ கலவாமல், நீரில் மட்டும் கரைத்த வர்ணத்தை அதன்மேல் எழுதினால், ஊறி வெளிவரும் சுண்ணம் வர்ணத் துகள்களைச் சூழ்ந்து படிகமாகி அவற்றைத் தன்னுள் சிறைப்படுத்திக்கொள்கிறது. பிறகு தண்ணீர் விட்டுக் கழுவினாலும் வர்ணம் போகாது. இத்தாலியர் 'பிரெஸ்கோ' என்று வழங்கிய முறை இதுவே. சுவர்மேல் சித்திரம் இருப்பதாகச் சொல்வதைவிட, சுவரே சித்திரமாயிற்று என்பது பொருந்தும்.

இதனால் வரும் நிர்ப்பந்தம் கொடியது. பூசிய சாந்து சில மணி நேரத்துக்குள் வர்ணத்தை ஏற்க மறுத்துவிடும். ஆகவே காலையில் அன்றைக்கு முடிக்கக்கூடிய அளவு மட்டும் சாந்து பூசி, மாலைக்குள் அதை முடித்து, முடியாத ஓரத்தைக் கரணையால் சீவி எறிந்துவிட வேண்டும். மறுநாள் பூச்சு அந்த ஓரத்தோடு இணையும் இடத்தில் ஒரு மெல்லிய தையல் விழும். இந்தத் தையல்களை எண்ணி, எந்த உருவம் எத்தனை நாளில் எழுதப்பட்டது என்பதை இன்று சொல்ல முடிகிறது. முதலில் எழுதப்பட்ட பிரளயக் காட்சி 29 நாள் வேலை. பின்னால் எழுதிய ஆதாமின் உருவம் நான்கே நாள். கடைசிப் பகுதியில், ஒளியையும் இருளையும் பிரிக்கும் கடவுள், ஒரே நாளில் எழுதி முடிக்கப்பட்டார். கலைஞனுடைய கை தேறிவந்த வேகத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பதிவுசெய்த தினசரிக் குறிப்பு வேறெந்தக் கலையில் கிடைக்கும்!

ஆரம்பம் அவ்வளவு சுகமாக இருக்கவில்லை. சுமார் 41 மீட்டர் நீளமும் 13 மீட்டருக்குச் சற்று அதிகமான அகலமும் உள்ள ஆலயம். விதானம் தரையிலிருந்து 20 மீட்டர் உயரம். கட்டடக் கலைஞர் பிரமாந்தே கயிற்றில் தொங்கும் சாரம் ஒன்றை யோசனை சொன்னாராம். தொங்கும் கயிற்றின் துவாரங்களைப் பிற்பாடு எப்படி அடைப்பது என்று மைக்கேலாஞ்சலோ திருப்பிக் கேட்டு, சுவரிலிருந்து நீட்டிய தாங்கிகள்மேல் பாலம் போல் ஒரு சாரத்தைத் தாமே அமைத்துக்கொண்டார். அவர் மல்லாந்து படுத்துக்கொண்டு எழுதினார் என்ற கதை உலகமெங்கும் பரவியிருக்கிறது. உண்மையில் நின்றுகொண்டு, தலையைப் பின்னே சாய்த்து, முகத்தில் வர்ணம் சொட்டச் சொட்ட எழுதினார். இந்த அவஸ்தையைப் பரிகசித்து ஒரு நண்பருக்கு அவர் எழுதிய கவிதையின் ஓரத்தில், அப்படி நிற்கும் தம் உருவத்தையே கிறுக்கியும் வைத்திருக்கிறார்.

பிரளயக் காட்சி எழுதிக்கொண்டிருக்கையில் சாந்தில் உவர் பூத்து, உருவங்கள் மங்கத் தொடங்கின. இது என் தொழிலல்ல என்று முன்பே சொன்னேனே என்று அவர் போப்பாண்டவரிடம் முறையிட, அவர் கட்டடக் கலைஞர் கியூலியானோ தா சங்கல்லோவை அனுப்பினார். காரணம் பிளாரென்ஸுக்கும் ரோமுக்கும் உள்ள பொருள் வேற்றுமையில் இருந்தது. ரோமில் காளவாய்க்குப் போவது டிராவர்டைன் என்ற ஊற்றுநீர்ச் சுண்ணக்கல்; அந்தச் சுண்ணாம்பு சீக்கிரம் உலராது. மணலுக்குப் பதில் அங்கே சேர்ப்பது பொஸ்ஸோலானா என்ற எரிமலைச் சாம்பல். அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு நேரே சேர்ந்து தண்ணீருக்கடியிலும் இறுகக்கூடியவை. பிளாரென்ஸ் பழக்கத்தில் நீரைத் தாராளமாக விட்டுக் குழைத்ததால், மிகுந்த நீர் வெளியேறும்போது கரைந்த பொருள்களையும் கூட இழுத்துக்கொண்டு வந்து மேலே படியவைத்தது. நீரைக் குறைக்கச் சொல்லிச் சங்கல்லோ வழிகாட்டினார்; வேலை தொடர்ந்தது. கல்லின் குணமறிந்தவர் சுண்ணாம்பின் குணத்தை அன்று ஒரு கொத்தனாரைப் போல ஆரம்பத்திலிருந்து கற்றுக்கொண்டார்.

வர்ணத் தேர்விலும் சுண்ணாம்பே எஜமானன். கடுங்காரமுள்ள ஈரச் சாந்தில் தாவரச் சாயங்கள் பிழைக்கமாட்டா. ஈயவெள்ளை காலத்தில் கறுத்துவிடும். காவி மண், மஞ்சள் மண், பச்சை மண், கரி, வெண்மைக்குச் சுண்ணாம்பு ஆகியவையே முக்கியமாகத் தாக்குப்பிடிப்பவை. மாதிரிப் படத்தைச் சுவருக்கு மாற்றுவதில், முதலில் அவர் காகிதத்தின் கோடுகளில் ஊசியால் துளையிட்டுக் கரிப்பொடி மூட்டையால் தட்டும் நிதானமான வழியை மிகுதியாகக் கையாண்டார்; போகப்போகக் காகிதத்தின்மேல் கூர்முனையால் அழுத்தி ஈரச் சாந்தில் கோடு பள்ளம் விழச்செய்யும் விரைவான வழியை மேற்கொண்டார்; ஜன்னல்களுக்கு மேலுள்ள பிறைவடிவப் பகுதிகளில் மாதிரிப் படமே இல்லாமல் நேராக எழுதியிருக்கிறார். 1511-இல் சாரத்தைப் பிரித்து, முடிந்த பாதியைத் தரையிலிருந்து பார்த்தபோது உருவங்கள் மிகவும் நெருக்கமாகவும் சிறியனவாகவும் இருப்பதை உணர்ந்தார். மறுபாதியில் உருவங்கள் வளர்ந்து, கூட்டம் குறைந்துவிட்டது. யோனா தீர்க்கதரிசியின் உருவத்தில் அவர் காட்டிய கண்கட்டு வித்தை அபாரமானது: சுவர் முன்னோக்கி வளைந்து வரும் இடத்தில், பின்னோக்கிச் சாயும் உடலை எழுதி, கண்ணை முற்றிலும் ஏமாற்றிவிடுகிறார். 1512 அக்டோபர் 31-ஆம் தேதி, முந்நூறுக்கும் மேற்பட்ட உருவங்களுடன் விதானம் திறக்கப்பட்டது.

அந்தச் சித்திரங்களைப் பிற்காலத்தார் கண்டது மெழுகுவர்த்திப் புகையும், பிரகாசம் கூட்டுவதற்கென்று யார் யாரோ தடவிய வச்சிரப் பசையும் படிந்த கறுத்த நிலையில். 1980 முதல் 1994 வரை நடந்த சுத்திகரிப்பில், இளஞ்சிவப்பும் எலுமிச்சைப் பச்சையும் செம்மஞ்சளுமாக, நிழலுக்குக் கறுப்பை நாடாமல் வேறொரு நிறத்துக்கே மாறும் உடைகள் வெளிப்பட்டன. பெரும் வாக்குவாதம் எழுந்தது. ஈரம் உலர்ந்தபின் அவரே பசையில் எழுதிய நிழல்களும் சேர்ந்து போய்விட்டன என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். சில உருவங்களில் கண்மணி காணாமற்போனதைச் சான்று காட்டினார்கள். பொதுவில் சுத்திகரித்தவர்கள் பக்கமே நியாயம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். அந்தக் காம்பீரியமான இருட்டை மைக்கேலாஞ்சலோவின் சோகமென்று போற்றிய புத்தகங்கள் பல புகையைத்தான் போற்றின. என்றாலும் கண்மணி விஷயத்தில் எதிர்த்தரப்பாரை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. இன்று புது அபாயம் மூச்சுக்காற்று. ஈரமும் கரியமிலவாயுவும் சேர்ந்தால் கால்சைட்டை மெல்லக் கரைக்கும். சாந்தைக் கல்லாக்கிய அதே வாயு, ஈரத்தோடு மிகுந்தால் கல்லை அரிக்கிறது. ஆண்டுக்கு 60 லட்சம் பேர் வந்துபோகும் ஆலயத்தில் 2014-இல் புதிய காற்றுச் சீரமைப்பு யந்திரங்கள் பொருத்தப்பட்டது இதற்காகவே.

பலிபீடச் சுவரில் 1536 முதல் 1541 வரை எழுதிய 'கடைசித் தீர்ப்பு'க்கு, நண்பர் செபாஸ்தியானோ எண்ணெய்ச் சித்திரத்துக்கு ஏற்பச் சுவரைத் தயார்செய்து வைத்திருந்தார். மைக்கேலாஞ்சலோ அந்தப் பூச்சைப் பெயர்த்தெறியச் செய்தார். எண்ணெய் வேலை சோம்பேறிகளுக்கு என்று அவர் சொன்னதாக வசாரி கூறுகிறார். வேண்டாவெறுப்பாகக் கற்ற சுண்ணச் சித்திரத்துக்காக அவரே வாதாடும் நிலை வந்துவிட்டது! தூசி படியாதிருக்கச் செங்கல் சுவரின் மேற்பகுதி சற்று முன்னே சாயும்படி கட்டச்செய்ததும் அப்போதுதான்.

இதற்கிடையே கல் அவரை விடவில்லை. போப்பாண்டவர் பத்தாம் லியோ, பிளாரென்ஸின் சான் லொரென்ஸோ ஆலய முகப்புக்குக் கராராக் கல்லை வேண்டாமென்று, பிளாரென்ஸ் ஆட்சிக்குட்பட்ட செராவெட்ஸா மலையிலிருந்தே கல் எடுக்க உத்தரவிட்டார். அங்கே பாதை கிடையாது. சிற்பி பாதை போடும் ஓவர்சியரானார். பாளங்களைச் சறுக்குக் கட்டைகள்மேல் ஏற்றி, கயிறுகளால் பிடித்துக்கொண்டு, மலைச்சரிவில் அங்குலம் அங்குலமாக இறக்க வேண்டும். 1519 ஏப்ரலில், நல்ல இரும்பால் செய்யப்படாத ஒரு வளையம் தெறித்து, தூண் ஒன்று உருண்டு சுக்குநூறாயிற்று. அருகில் நின்றவர்கள் மயிரிழையில் தப்பினார்கள். மறு வருஷம் முகப்புத் திட்டமே கைவிடப்பட்டது. மூன்று நாலு வருஷ உழைப்புக்குச் சிலை ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஜூலியஸின் கல்லறையோ, மோசேயின் சிலையை நடுநாயகமாகக் கொண்டு, தொடங்கி 40 ஆண்டுகள் கழித்து 1545-இல் ஒருவாறு முடிந்தது.

1564 பிப்ரவரி 18-ஆம் தேதி, 89 வயது நிறைய மூன்று வாரங்கூட இல்லாதபோது, அவர் ரோமில் காலமானார். அதற்குச் சில நாள் முன்புவரை, இப்போது மிலானில் இருக்கும் ஒரு பியத்தாவில் உளிவேலை செய்துகொண்டிருந்தார். அதற்கு முந்திய மற்றொரு பியத்தாதான் விசேஷமாகக் குறிப்பிடத்தக்கது. தம் கல்லறைக்கென்று எழுபது வயதுக்கு மேல் ஒரே பாளத்தில் நான்கு உருவங்கள் செதுக்கத் தொடங்கி, இரவில் தலையில் மெழுகுவர்த்தி பொருத்திக்கொண்டு உழைத்து, ஏறக்குறைய 1555-இல் அவரே அதை உடைத்துவிட்டார். கல்லில் குறை இருந்தது, மிகவும் கடினமாயிருந்து உளி பட்டதும் தீப்பொறி பறந்தது என்று வசாரி காரணம் சொன்னார். சலவைக்கல்லில் தீப்பொறியா என்று படித்தவர்கள் புன்னகை செய்திருக்கக்கூடும். கால்சைட்டிலிருந்து பொறி வராது. ஆனால் பிளாரென்ஸ் ஆலயக் காட்சிசாலையில் 2019-இல் தொடங்கி 2021-இல் முடிந்த பரிசோதனையில், அது கராராக் கல்லே அல்ல, செராவெட்ஸாவின் கல் என்று தெரியவந்தது: அவர் பாதை போட்டுத் திறந்த அதே மலை. உள்ளே இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் துணுக்குகள் இருந்தன; எஃகு பட்டால் அவை நிச்சயமாகப் பொறி விடும். நுண்ணிய விரிசல்களும் பல. அவற்றில் ஒன்று அடித்தளத்தில் முன்னும் பின்னுமாக ஓடுகிறது. கிறிஸ்துவின் இடக்கையைச் செதுக்குகையில் அந்த விரிசல் எதிர்ப்பட்டு அவரைத் தடுத்திருக்கலாம் என்பது ஆய்ந்தவர்களின் ஊகம். உடைந்த துண்டுகளைச் சிஷ்யர் திபெரியோ கால்காஞ்ஞி ஒட்டவைத்து, இடப்பக்கத்து மரிய மதலேனாளைத் தாமே செதுக்கி முடித்தார். வழவழப்பும் ஒழுங்கும் உள்ள வேலை. அவர் ஒட்டியதோடு நின்றிருக்கலாம்.